ஏழுகறிக் கூட்டும் கருவேணி ஆறும்

கருவேணி ஆறு பேச்சிக்கனியின் சொல்லைத் தட்டியதே இல்லை. நாளை மறுநாள் தோணித்துறையில் இடுப்பளவு தண்ணீர் வரும் என்று அவள் எழுதிய நிரல் சொன்னால், நாளை மறுநாள் இடுப்பளவுதான் வந்தது. முழங்காலுக்கு இறங்கவும் இல்லை, மார்புக்கு ஏறவும் இல்லை. தாலி கட்டிய புருஷன்கூட இப்படிச் சொன்னபடி நடப்பதில்லை என்று அவளுடைய அக்கா செல்லக்கனி ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாள். தோணித்துறையில் மாவு மில் நடத்துகிறவள் அவள். வருஷா வருஷம் மில்லுக்குள் வெள்ளம் புகுவது அவளுக்கு வருத்தம். அது தங்கை சொன்ன நாளில் தவறாமல் புகுவது பெருமை.

இது இரண்டாயிரத்து நாற்பதுகளில் நடந்தது. ஆற்றில் எவ்வளவு நீர் வரும் என்று முன்கூட்டியே சொல்லும் கணினி மாதிரிகள் அப்போது கடைக்குக் கடை கிடைத்தன. எதுவும் முழுக்கச் சரியாகச் சொல்லாது. பலவற்றைச் சேர்த்துக் கேட்டால் என்ன என்பதுதான் பேச்சிக்கனியின் டாக்டர் பட்ட ஆராய்ச்சி. அவள் ஏழு மாதிரிகளை எடுத்துக்கொண்டாள். ஒன்று மலைமேல் பெய்யும் மழையைப் பார்த்துச் சொல்லும். ஒன்று மண்ணின் ஈரத்தைப் பார்க்கும். ஒன்று சோம்பேறி, இன்றைக்கு வந்ததே நாளைக்கும் வரும் என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்ளும். இன்னொன்று எதைப் பார்த்தாலும் வெள்ளம் வெள்ளம் என்று அலறும். ஆய்வுக்கூடத்தில் அதற்கு ஒப்பாரி என்று பெயர் வைத்திருந்தார்கள்.

இந்த ஏழையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டி ஒரே ஓர் எண்ணாகத் தருவது அவளுடைய நிரல். அதற்கு ஆங்கிலத்தில் நீளமாக ஒரு பெயர் உண்டு. திருவாதிரைக்குச் சமைக்கிற ஏழுகறிக் கூட்டு மாதிரி இருக்கிறதே என்று யாரோ சொல்லப்போக, மந்திரிகூட மேடையில் 'கூட்டு' என்றே சொல்ல ஆரம்பித்துவிட்டார். கூட்டுக்கு விதி ஒன்றுதான். நேற்று யார் சொன்னது பலித்ததோ, இன்று சட்டியில் அவர் பங்கு கூடும். பொய்த்தவர் பங்கு குறையும். பள்ளிக்கூடம் முதல் சட்டசபை வரை எல்லா இடத்திலும் இப்படி நடந்தால் நன்றாயிருக்கும் என்று நாம் ஏங்குகிற விதிதான் அது.

கூட்டு வருவதற்கு முன்பு ஒரு மழைக்காலத்தில் கூனிமலை அணையைச் சொல்லாமல் கொள்ளாமல் திறந்துவிட்டார்கள். தோணித்துறையில் உயிர்ச்சேதம். அதிகாரிகள் பலர் வீட்டுக்குப் போனார்கள். அதற்குப் பிறகு ஓர் அரசாணை வந்தது. அணையின் ஷட்டர்களைக் கூட்டு சொல்கிறபடிதான் திறக்கவேண்டும், மனிதர் தம் இஷ்டத்துக்குத் தொடக்கூடாது. அன்றிலிருந்து வெள்ளத்தில் ஒருவரும் சாகவில்லை. கைப்பேசியில் செய்தி வரும், ஜனங்கள் சட்டி பானையுடன் மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போவார்கள், வெள்ளம் சொன்ன நேரத்துக்கு வந்து போகும். பேச்சிக்கனியின் வழிகாட்டி பேராசிரியர் ஆராவமுதனுக்கு விருதுகள் வந்தன. அவளுக்கு அவரோடு போட்டோவில் ஓரமாக நிற்க இடம் கிடைத்தது.

இப்போது அரசாங்கம் ஒரு படி மேலே போயிருந்தது. வருஷா வருஷம் வெள்ளம் வருகிற இடம் மனிதர் குடியிருக்க லாயக்கில்லை, ஆகவே தோணித்துறையை அடுத்த மழைக்குப் பிறகு காலி செய்யவேண்டும் என்று உத்தரவு. ஆதாரம், பேச்சிக்கனியின் ஆய்வேட்டில் ஐந்தாம் அத்தியாயத்தில் இருந்த ஒரு வரைபடம்.

"நீயே சொல்லிட்ட பொறவு என்னட்டி, போவ வேண்டியதுதான்" என்று செல்லக்கனி போனில் சொன்னாள். அழவில்லை. "புது எடம் ஊருக்கு வெளிய கல்லு மேட்டுல. ஒரு படி மாவு அரைக்க அங்க எவ வருவா? நான் மில்ல வித்துட்டுச் சும்மா இருக்க வேண்டியதுதான். சரி, உசுரா மில்லா? நீ சாப்பிட்டியா?"

பேச்சிக்கனிக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. ஆனாலும் அறிவியல் அறிவியல்தான், அக்காவுக்காக ஆறு திசை மாறாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

ஆய்வேட்டைப் படித்த வெளிநாட்டுத் தேர்வாளர் ஏகமாகப் புகழ்ந்துவிட்டு, வைவா என்கிற வாய்மொழித் தேர்வுக்கு முன் ஒரு சின்ன விளக்கம் மட்டும் கேட்டிருந்தார். ஒரு குறிப்பிட்ட நாளில் மலையில் பொட்டு மழை இல்லை, அதற்கு முந்தைய வாரமும் இல்லை. கூட்டு வெள்ளம் என்றது, வெள்ளமும் வந்தது. ஆற்றுக்கு எப்படித் தெரிந்தது?

ஆராவமுதன் அதைப் படித்துவிட்டுச் சிரித்தார்.

"நிலத்தடி ஊற்றுன்னு எழுதிடும்மா. ஊற்றை யார் எட்டிப் பாக்கப் போறா?"

எழுதிவிட்டாள். ஆனால் அந்தக் கேள்வி காலில் தைத்த நெருஞ்சி மாதிரி குத்திக்கொண்டே இருந்தது. கடைசியில் பஸ் ஏறிக் கூனிமலை அணைக்கே போய்விட்டாள்.

அணையைப் பார்த்துக்கொண்ட உதவிப் பொறியாளர் பிச்சாண்டி திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர். அவளைக் கண்டதும் எழுந்து நின்றுவிட்டார். அவரைப் பொறுத்தவரை, அவருடைய வேலையைக் காப்பாற்றிக்கொண்டிருக்கும் தெய்வம் அவள்.

"அன்னிக்கு மழையே இல்ல மேடம்" என்றார் டீயை நீட்டிக்கொண்டே. "ஆனா கூட்டு வெள்ளம்னு சொல்லிச்சு. வர்ற தண்ணிக்கு அணையில எடம் வேணுமா இல்லியா? இருந்ததத் தொறந்து வுட்டேன்."

"சரி. அப்புறம் மேலேருந்து வந்துச்சா?"

"எது?"

"வரும்னு கூட்டு சொன்ன தண்ணி."

"வரல. அதனால என்ன? கீழ கரெக்டா போச்சே."

பேச்சிக்கனி டீ கிளாஸை மேஜையில் வைத்தாள். "அப்போ தோணித்துறைக்குப் போன வெள்ளம்?"

"நம்ம தொறந்ததுதான். ஆனா நானாத் தொறக்கல மேடம். கூட்டு தொறக்கச் சொல்லிச்சு. நீங்க போட்ட கூட்டு."

"நான் வரப்போற தண்ணியைத்தான சார் சொன்னேன்?"

"நான் நீங்க சொன்ன தண்ணிய வர வெச்சேன். ரெண்டு பேரும் அவங்கவங்க வேலையச் சரியாத்தான் செஞ்சிருக்கோம்."

அவர் கேலி செய்யவில்லை. மனதாரத்தான் சொன்னார். ஆராய்ச்சி தொடங்கிய புதிதில், ஆற்றை எந்த இடத்தில் அளப்பது என்று அவள்தான் முடிவு செய்திருந்தாள். அணைக்கு மேலே இருந்த அளவுமானியைக் குரங்குகள் பிய்த்துப் போட்டிருந்தன. பதிவுகள் எல்லாம் ஓட்டையும் ஒடிசலும். அணைக்குக் கீழே இருந்த அளவுமானியின் பதிவுகளோ துவைத்த வேட்டிபோலச் சுத்தம். சுத்தமான பதிவைக் கண்டால் எந்த ஆராய்ச்சி மாணவிக்கும் கண் மறைந்துவிடும். அவளும் தும்பை விட்டு வாலைப் பிடித்தாள். அவள் அளந்தது ஆற்றை அல்ல, பிச்சாண்டியின் ஷட்டரை.

மிச்சத்தை அவளே கோத்துக்கொண்டாள். ஒப்பாரி அலறும். ஷட்டர் பயந்து திறக்கும். கீழே இருந்த அளவுமானி வெள்ளம் என்று பதியும். பார், ஒப்பாரி சொன்னது பலித்துவிட்டது என்று கூட்டு அதற்கு இன்னொரு கரண்டி பங்கு கொடுக்கும். அடுத்த முறை அது இன்னும் பலமாக அலறும். ஏழுகறிக் கூட்டில் ஆறு கறிகள் கரைந்து காணாமல் போய், இப்போது சட்டி முழுக்கப் பாகற்காய்தான் கொதித்துக்கொண்டிருந்தது. தானாகப் பழுக்காததைத் தடியால் அடித்துப் பழுக்கவைத்து, அதற்கு விருதும் வாங்கியாயிற்று. அக்கா வீட்டுக்குள் வருஷா வருஷம் தண்ணீரை விட்டது வேறு யாருமில்லை, தான்தான் என்று நினைத்தபோது பேச்சிக்கனிக்கு அழுகை வந்தது. பிச்சாண்டி பதறிப்போய் இன்னொரு டீ சொன்னார்.

ஆராவமுதன் அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார். நல்ல மனிதர்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஒண்ணு கேக்கறேன். கூட்டு வந்தப்புறம் யாராவது செத்தாளா?"

"இல்ல சார்."

"முன்னாடி?"

"செத்தாங்க."

"அப்புறம் என்ன? சொல்லாம வந்தாத்தாம்மா வெள்ளம். அறிவிச்சுட்டு வந்தா அது நிர்வாகம். நீ கண்டுபிடிச்சது பெரிய விஷயம், நான் இல்லேன்னு சொல்லலை. கடைசி அத்தியாயத்துல 'எதிர்கால ஆய்வுகள்'னு ஒரு தலைப்பு இருக்கோல்லியோ, அதுல ஒரு வரி போட்டுடு."

உண்மைகளை உயிரோடு புதைப்பதற்கென்றே எல்லா ஆய்வேட்டிலும் ஒதுக்கப்பட்ட இடம் அது. பேச்சிக்கனி அங்கே பலர் கல்லறையைப் பார்த்திருக்கிறாள்.

அக்காவிடமாவது சொல்லிவிடலாம் என்று போன் செய்தாள். செல்லக்கனி பாதியிலேயே வெட்டினாள்.

"பேசாம இரி. படிச்சிப் படிச்சி மூளை சடைஞ்சி போச்சி உனக்கு. ஊரே உன்ன நம்புது, அந்த ஆறே நம்புது, நீ ஏம்ட்டி உன்ன நம்ப மாட்டேங்க?"

யாரும் கேட்கவில்லை என்றானபின், பேச்சிக்கனி தனக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினாள். கூட்டில் புது மாதிரி ஒன்றைச் சேர்க்க அவளுக்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. எட்டாவதாக ஒன்றைச் சேர்த்து, 'உள்ளூர்த் திருத்தம்' என்று கௌரவமாகப் பெயரிட்டாள். அதற்குள்ளே மழையும் இல்லை, மண்ணும் இல்லை. ஒரு வெறும் கட்டம்தான். அதில் தினமும் காலையில் பல் துலக்கியதும் அவளே ஓர் எண்ணைத் தட்டுவாள். ஒப்பாரி சொல்வதைவிடக் கொஞ்சம் குறைவாக.

புதிதாக வந்தவர்க்குக் கூட்டு ஒரு சிட்டிகை பங்கு கொடுக்கும். அந்தச் சிட்டிகையால் ஷட்டர் ஒரு விரற்கடை குறைவாகத் திறந்தது. கீழே அளவுமானியும் குறைவாகப் பதிந்தது. அட, புதியவர் சொன்னதுதான் நெருங்கி வருகிறது என்று கூட்டு அவர் பங்கை ஒரு கரண்டியாக உயர்த்தியது. ஒப்பாரி எப்படி வளர்ந்ததோ அதே ஏணியில்தான் அவளும் ஏறினாள். ஆடிச் சாரலில் தொடங்கியது, ஐப்பசி அடைமழைக்குள் சட்டி முழுக்க அவள் கைக்கு வந்துவிட்டது.

ஐப்பசியில் மழை பிடித்தது. ஒப்பாரி தொண்டை கிழியக் கத்தியது. பேச்சிக்கனி, கணுக்கால் தண்ணீர் என்று தட்டினாள். கணுக்கால் தண்ணீர்தான் வந்தது. தோணித்துறையில் பல வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாகத் தீபாவளிக்கு அரிசி மாவு அரைத்துக் கொடுத்தாள் செல்லக்கனி. வெள்ளமே இல்லாத ஊரைக் காலி செய்வது எப்படி என்று குழம்பிய அதிகாரிகள் உத்தரவை ஒத்திப்போட்டார்கள்.

வைவாவில் வெளிநாட்டுத் தேர்வாளர் திரையில் தோன்றி எட்டாவது மாதிரியை வானளாவப் புகழ்ந்தார். அது எந்த அடிப்படையில் இயங்குகிறது என்று கேட்டார்.

"வட்டார அனுபவத்தை எண்ணாக மாற்றித் தருகிறது" என்றாள் பேச்சிக்கனி. அதில் பொய் ஒன்றும் இல்லை. கைதட்டினார்கள். ஆராவமுதன் அவளை முதல்முறையாக டாக்டர் பேச்சிக்கனி என்று அழைத்தார்.

பட்டம் வாங்கினவர்கள் செய்யவேண்டிய கடைசிச் சடங்கு ஒன்று உண்டு. நூலகம், விடுதி, ஆய்வுக்கூடம் எல்லா இடத்திலும் 'நோ டியூஸ்' கையெழுத்து வாங்கவேண்டும். வாங்கிக்கொண்டு, பெட்டியைக் கட்டி அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். கட்டத்தில் எண்ணைத் தட்டுவதை எங்கிருந்தும் செய்யலாம், வேலை கிடைக்கும்வரை இங்கேயே இருந்து செய்யலாம் என்பது அவள் கணக்கு.

அது கார்த்திகை மாதம், அவள் வந்து இறங்கிய அன்றே வங்கக்கடலில் தாழ்வு மண்டலம் உருவானது. மறுநாள் காலை, அவள் எண்ணைத் தட்ட உட்காரும் முன்பே பிச்சாண்டி போன் செய்தார். குரலில் சுருதி இல்லை.

"மேடம், திரையில அணை பாதிதான் ரொம்பியிருக்குன்னு காட்டுது. ஆனா நான் கீழ எறங்கிப் பாத்தேன். முக்காவாசிப் படிக்கட்டு முழுவிடுச்சு. ஷட்டரு முட்டத் தண்ணி நிக்குது."

திரையில் ஓடும் நீர்மட்டமும் கூட்டு கணித்துத் தருவதுதான். சுவரில் வரைந்திருந்த பழைய அளவுக்கோடுகள் பெயின்ட் உதிர்ந்து போய்ப் பல காலம் ஆகியிருந்தது. இத்தனை நாளும் அவள் குறைத்துக் குறைத்துச் சொன்ன தண்ணீர் எல்லாம் ஆவியாகிவிடவில்லை, அணைக்குள் சத்தமில்லாமல் ஏறி நின்றிருக்கிறது. இது அவளுக்குத் தோன்றியிருக்கவேண்டும். பலிக்கிறது என்ற மிதப்பில் தோன்றவில்லை.

இன்றைக்குப் பெரிய எண்ணாகப் போட்டுவிடலாம் என்று கணினியைத் திறந்தாள். "தங்கள் படிப்பு இனிதே நிறைவுற்றது. தங்கள் கணக்கு மூடப்பட்டது. வாழ்த்துகள்!" என்றது அது. நோ டியூஸ் முடித்த மாணவர்க்கு என்ன உள்நுழைவு?

ஆராவமுதனைப் பிடித்தாள்.

"நீ போயிட்டா கூட்டு நிக்கக்கூடாதோல்லியோ? அதனால உன் எட்டாவதைத் தானியங்கியாவே ஆக்கியாச்சு. நீ போட்ட எண்ணையெல்லாம் குடுத்து மெஷினுக்குக் கத்துக் குடுத்துட்டோம். அப்படியே உன் அச்சு! எவ்வளவு மழை பெஞ்சாலும் பதறாம, நிதானமா, கணுக்கால் கணுக்கால்னே சொல்றது."

"சார், நான் போட்டதெல்லாம் பொய் சார்!"

"பொய்யா? எல்லாம் பலிச்சிருக்கேம்மா!"

அக்காவின் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு மழையோடு மழையாக அணைக்குப் போனாள். மேலே ஆற்றில் என்ன வருகிறது என்று பிச்சாண்டிக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள ஒரே வழி, போய்ப் பார்ப்பது. இருவரும் ஜீப்பில் மலைப்பாதையில் ஏறினார்கள். கருவேணி ஆற்றைப் பற்றி முந்நூறு பக்கம் எழுதியவள், அணைக்கு மேலே அந்த ஆற்றை அதுவரை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

வளைவில் ஜீப்பை நிறுத்தியபோது சத்தம்தான் முதலில் கேட்டது. பிறகு செங்கல் கரைத்த நிறத்தில் தண்ணீர். ஒரு மூங்கில் புதர் அப்படியே வேரோடு சுழன்று வந்தது. அதன் பின்னால் யாருடைய மோட்டார் கொட்டகையோ, அதன் தகரக் கூரை. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாதைக்குக் கீழே இருந்த ஒரு பாறை மூழ்கிப்போனது. பேச்சிக்கனி கைப்பேசியில் வீடியோப் படம் பிடித்தாள். எந்த மாதிரியும், எந்தக் கரண்டிக் கணக்கும் இல்லாமல், இது சாயங்காலத்துக்குள் அணைக்கு வந்துவிடும் என்று அவளுக்குத் தெரிந்தது.

அங்கிருந்தே அக்காவைக் கூப்பிட்டாள்.

"அக்கா, வெள்ளம் வருது. மோட்டாரைக் கழத்தி மேல ஏத்து. தெருவுல எல்லாரையும் கூட்டிக்கிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போ."

"செல்லுல ஒண்ணும் வரலையேட்டி. கூட்டு கணுக்கால் தண்ணின்னுல்லா சொல்லுது?"

"கூட்டு சொல்லல. நான் சொல்லுதேன்."

மறுமுனையில் மில்லின் சுவிட்சை அணைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "சரி" என்று சொல்லி வைத்துவிட்டாள் செல்லக்கனி.

அணைக்குத் திரும்பியதும் பிச்சாண்டி தயங்கினார். ஷட்டரைக் கையால் இயக்கும் சாவி அவரிடம் இருந்தது. அதைத் தொட்டால் வேலை போகும் என்ற அரசாணையும் அவர் தலைக்கு மேலே சட்டம் போட்டு மாட்டியிருந்தது.

"கூட்டு சொல்லலையே மேடம்."

"தொறக்காட்டா அணை தாங்காது சார். உடைஞ்சா தோணித்துறை மட்டுமில்ல, அதுக்கும் கீழ இருக்கிற ஆலங்கரை டவுனே இருக்காது. பள்ளிக்கூட மேடும் முழுகும்."

"எனக்கும் தெரியுது. கண்ணாலப் பாத்தேன். ஆனா நாளைக்கு எவன் கேக்கப் போறான்? கூட்டு சொன்னதுக்கு எதிரா ஏன் தொறந்தேன்னுதான் கேப்பான். எழுதிக் குடுங்க."

எழுதிக் கொடுத்தாள். எட்டாவது மாதிரி என்று ஒன்று இல்லை, அது தன் பொய், முந்தைய வெள்ளங்களும் கூட்டு திறக்கச் சொன்னதால் வந்தவையே, இப்போது தன் பொறுப்பிலேயே ஷட்டர் திறக்கப்படுகிறது என்று. பிச்சாண்டி வாங்கிப் படித்தார்.

"பொய்னு போட்டா நல்லா இல்ல மேடம். 'பிழையான தரவு'ன்னு போடுங்களேன்."

"பொய்தான் சார்."

அவர் அதை மடித்துப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுச் சட்டைப் பைக்குள் பத்திரப்படுத்தினார். அதன்பிறகுதான் சாவியை எடுத்தார். டாக்டர் பட்டம் போயிற்று என்பது பேச்சிக்கனிக்குத் தெரிந்தது. ஆச்சரியமாக, அந்த நேரத்தில் அதற்காக ஒன்றும் தோன்றவில்லை.

தோணித்துறையில் அன்று தோளளவு தண்ணீர் வந்தது. ஒருவரும் சாகவில்லை. மில்லின் பக்கச் சுவர் ஒன்று விழுந்தது, அரைத்து வைத்திருந்த மிளகாய்த்தூள் முழுக்க ஆற்றோடு போனது. அணை நின்றது. கூட்டின் கணக்கில் எட்டாவது மாதிரி முதல்முறையாகப் பொய்த்தது. தன் பங்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டு ஒப்பாரி மறுபடி அலறத் தொடங்கியது.

விசாரணைக் குழு அமைத்தார்கள். குழுவில் இருந்தவர்கள் படித்தவர்கள், தர்க்கம் தெரிந்தவர்கள். வெள்ளம் வரும் என்று கூட்டு சொல்லவில்லை. ஷட்டரைத் திறந்த பிறகே வெள்ளம் வந்தது. எனவே திறந்ததால்தான் வந்தது. அணைக்கு ஆபத்து இருந்தது என்ற வாதம் எடுபடாது, ஏனென்றால் அணை உடையவில்லை. பிச்சாண்டியிடம், மேலே ஆற்றில் என்ன பார்த்தீர் என்று கேட்டார்கள். தான் அந்தச் சமயம் ஜீப்பைத் திருப்பிக்கொண்டிருந்ததாக அவர் சொன்னார். பொய்க்கணக்கு எழுதி, ஷட்டரைத் திறக்கவைத்து, ஊரில் வெள்ளம் வரவழைத்ததாகப் பேச்சிக்கனிமேல் வழக்கு. கூட்டு தானாக வெள்ளம் விட்ட வருஷங்களில் அவளுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். ஆறு நிஜமாகவே பெருகி வந்த ஒரே நாளுக்காகக் கோர்ட்டுக்கு அழைத்தார்கள்.

குழுவின் அறிக்கையில் இன்னொரு முடிவும் இருந்தது. தோணித்துறையில் இதுவரை வந்தவை எல்லாம் மனிதர் விட்ட வெள்ளங்களே, இயற்கையாக ஒரு வெள்ளமும் வந்ததாகச் சான்று இல்லை, ஆகவே அந்தக் குடியிருப்பைக் காலி செய்யும் உத்தரவு ரத்து.

பேச்சிக்கனி இரண்டு முடிவையும் ஒன்றாகப் படித்தாள். கைப்பேசியில் இருந்த படத்தை மறுநாள் வக்கீலிடம் கொடுப்பதாக இருந்தாள்.

மில்லில் செல்லக்கனி சேற்றை வழித்துக்கொண்டிருந்தாள். உயரத்தில் ஏற்றிக் கட்டியிருந்த மோட்டாரின் கயிற்றை அவிழ்த்தபடியே கேட்டாள்.

"ஏட்டி, ஊர்ல ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுதாவ. நெசமாவே மேலருந்து தண்ணி வந்துச்சா?"

பேச்சிக்கனி கைப்பேசியை நீட்டினாள். செல்லக்கனி கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தாள். மூங்கில் புதர் வந்தது, தகரக் கூரை வந்தது, பாறை மூழ்கியது. மறுபடி முதலிலிருந்து பார்த்தாள்.

"இத காட்டுனா உன்ன விட்டுருவாவளா?"

"வெள்ளத்த வரவழைச்சேங்கிற கேசு நிக்காது."

"எங்கள?"

"காலி பண்ணச் சொல்லுவாங்க. இயற்கையா வெள்ளம் வருதுன்னு இதுதான் சாட்சி."

செல்லக்கனி மோட்டாரின் அடியைத் தடவிப் பார்த்தாள். ஈரம் இல்லை. "நீ என்ன சொல்லுத?"

"இது பொய் வெள்ளம் இல்லக்கா. திரும்ப வரும். அடுத்த வருசமோ, பத்து வருசம் கழிச்சோ. எப்பன்னு எனக்குத் தெரியாது."

தெரியாது என்று தங்கை சொல்லிச் செல்லக்கனி கேட்பது இதுதான் முதல் தடவை.

"வரட்டும். வாரதுக்கு அரை நாள் முன்ன சொல்ல முடியுமா?"

பேச்சிக்கனி யோசித்தாள். இத்தனை வருஷத்தில் யாரும் அவளிடம் இவ்வளவு ஒழுங்கான கேள்வி கேட்டதில்லை.

"மழை நேரத்துல மேல போயி நின்னு பாத்துக்கிட்டே இருந்தா, முடியும்."

"அப்பம் போயி நில்லு. அரை நாளு போதும் எனக்கு, மோட்டாரத் தூக்கிருவேன்" என்றாள் செல்லக்கனி. பிறகு குரல் இறங்கி, "கேசு நடக்கட்டும். உனக்கு நான் இருக்கேன்லா. ஆனா முடிவு உன்னதுதாம்ட்டி, நான் சொல்ல மாட்டேன்" என்றாள்.

பேச்சிக்கனி படத்தை இன்னொரு முறை பார்த்தாள். அவள் வாழ்க்கையில் பதிவுசெய்த ஒரே உண்மையான ஆறு அதில் ஓடிக்கொண்டிருந்தது. அழிக்கும் குறியைத் தொட்டாள், அழிக்கவா என்று கைப்பேசி கேட்டது. ஆம் என்றாள்.

"நிக்காத, வந்து இந்தப் பக்கத்தப் பிடி" என்றாள் அக்கா. இருவரும் சேர்ந்து மோட்டாரைத் தூக்கித் தரையில் இறக்கி வைத்தார்கள்.